பால்வழிக்கு அப்பாலுள்ள காமா கதிர் மூலங்கள்: பட்டியல் எப்படி உருவாகிறது, அதை எப்படிப் படிப்பது?

இயற்பியல் முதுகலை மாணவர் ஒருவர் கேட்ட கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "டெவ்கேட் என்ற இணையப் பட்டியலில், நமது பால்வழி மண்டலத்துக்கு வெளியே இருக்கும் மிக உயர் ஆற்றல் காமா கதிர் மூலங்கள் ஏறக்குறைய நூறு இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பிளேசார்கள், அதாவது நடுவிலுள்ள கருந்துளையிலிருந்து பாயும் தாரை நம்மை நோக்கியிருக்கும் விண்மீன் மண்டலங்கள். இந்த விகிதத்தை வைத்துக்கொண்டு, இந்த ஆற்றலில் வானத்தில் ஒளிர்பவை பெரும்பாலும் பிளேசார்களே என்று என் ஆய்வேட்டில் எழுதலாமா? ஒரு மூலம் அந்தப் பட்டியலுக்குள் எப்படி இடம்பெறுகிறது?"

அப்படி எழுதக் கூடாது என்பதே என் பதில். அந்தப் பட்டியல் வானத்தை ஒரே சீராக அலசிக் கணக்கெடுத்து எழுதியதில்லை. எந்தத் திசையில், எந்த ஆண்டில், எதை எதிர்பார்த்துத் தொலைநோக்கியைத் திருப்பினார்களோ அந்த முயற்சிகளில் வெற்றி பெற்றவற்றின் பதிவேடு அது. அதன் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ எடுத்த ஒரு முடிவு இருக்கிறது. அந்த முடிவுகளைத் தெரிந்துகொள்ளாமல் வரிகளை மட்டும் எண்ணினால், வானத்தைப் பற்றிச் சொல்வதாக நினைத்துக்கொண்டு வானியலாளர்களின் விருப்பங்களைப் பற்றிச் சொல்லிவிடுவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே விளக்க விரும்புகிறேன். இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் பலர் தடுமாறும் இடம் இது.

மிக உயர் ஆற்றல் என்று இங்கே சொல்வது ஏறக்குறைய 100 ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டில் தொடங்கி 100 டெரா எலக்ட்ரான்வோல்ட் வரை செல்லும் பகுதியை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு ஃபோட்டானுக்கு இரண்டு அல்லது மூன்று எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் உண்டு. ஒரு டெரா எலக்ட்ரான்வோல்ட் என்பது ஒரு லட்சம் கோடி எலக்ட்ரான்வோல்ட். இவ்வளவு ஆற்றலைச் சுமந்து வரும் ஃபோட்டான்கள் மிக அரிதானவை. வெடித்த விண்மீன் ஒன்றின் எச்சமும் இந்தத் துறையின் அளவுகோலுமான நண்டு நெபுலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒரு டெரா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேற்பட்ட ஆற்றலுடன் பூமிக்கு வரும் ஃபோட்டான்கள், ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்குச் சுமார் ஆறு மட்டுமே. விண்வெளியில் சுற்றும் ஃபெர்மி செயற்கைக்கோளின் முதன்மைக் கருவி காமா கதிர்களைப் பிடிக்கும் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர்தான். பால்வழிக்கு வெளியேயுள்ள மூலங்களில் பல, நண்டு நெபுலாவின் ஒளிர்வில் நூறில் ஒரு பங்கே கொண்டவை. அவற்றை அத்தகைய கருவியால் பார்த்துக்கொண்டிருந்தால், ஆறு ஃபோட்டான்கள் சேர நூறு ஆண்டுகள் ஆகும்.

ஆகவேதான் காற்று மண்டலத்தையே கருவியாகப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. ஒரு காமா கதிர் காற்றின் மேலடுக்கில் மோதும்போது எலக்ட்ரானும் பாசிட்ரானும் இணையாகப் பிறக்கின்றன. அவை மேலும் காமா கதிர்களை உண்டாக்க, அவற்றிலிருந்து மேலும் இணைகள் பிறக்க, தரையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு துகள் பொழிவு உருவாகிறது. காற்றுக்குள் ஒளி செல்லும் வேகத்தைவிட அந்தத் துகள்கள் வேகமாகச் செல்வதால், நீல நிறமான செரென்கோவ் ஒளி ஒரு கூம்பாக விரிந்து தரையில் சுமார் 120 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் விழுகிறது. அது நீடிப்பது சில நானோநொடிகள் மட்டுமே. அந்த வட்டத்துக்குள் எங்கே தொலைநோக்கி நின்றாலும் பொழிவைப் பார்த்துவிடும் என்பதால், கருவியின் பயனுறு பரப்பு ஒரு சதுர மீட்டரிலிருந்து சுமார் 45,000 சதுர மீட்டருக்கு உயர்ந்துவிடுகிறது. ஆண்டுக்கு ஆறு என்றிருந்த நண்டு நெபுலாவின் ஃபோட்டான்கள் இப்போது மணிக்கு முப்பது வரை கிடைக்கும்.

ஆனால் விண்வெளியிலிருந்து வந்து மோதும் காஸ்மிக் கதிர் புரோட்டான்களின் பொழிவுகளும் அதே வட்டத்தில் விழுகின்றன. காமா கதிர்களைவிட அவை பல நூறு மடங்கு அதிகம். காமா கதிரின் பொழிவு கேமராவில் மெலிந்த நீள்வட்டமாக விழும்; அதன் நெடிய அச்சு மூலம் இருக்கும் இடத்தைச் சுட்டும். புரோட்டானின் பொழிவு கிளைகளோடு சிதறிய ஒழுங்கற்ற திட்டாக இருக்கும். இந்த வேறுபாட்டை ஒரு சில அளவுகளால் பிரித்தறியலாம் என்று மைக்கேல் ஹில்லாஸ் 1985-ல் காட்டினார். அதைக் கொண்டு அரிசோனாவிலுள்ள விப்பிள் ஆய்வகத்தின் 10 மீட்டர் தொலைநோக்கியில் டிரெவர் வீக்ஸ் குழுவினர் 1989-ல் நண்டு நெபுலாவை உறுதிப்படுத்தினார்கள். பல ஆண்டுகளாகக் கண்டோம், கண்டோம் என்று அறிவித்தும் மற்றவர்களால் மீண்டும் காண முடியாமல் போன முடிவுகளால் நம்பகத்தன்மை குன்றியிருந்த துறைக்கு அது மறுபிறப்பு.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். இத்தகைய தொலைநோக்கிகள் மேகமில்லாத, பெரும்பாலும் நிலவற்ற இரவுகளில்தான் வேலை செய்யும். ஆண்டுக்குக் கிடைப்பது சுமார் 1000 மணி நேரம். பார்க்கும் பரப்போ சிறியது: இன்றைய தொலைநோக்கித் தொகுதிகளான மேஜிக், வெரிடாஸ் ஆகியவற்றின் பார்வைப் புலம் சுமார் 3.5 பாகை விட்டம், அதாவது பத்துச் சதுரப் பாகைக்குச் சற்றுக் குறைவு. முழு வானம் 41,253 சதுரப் பாகை. ஒரு தாளை எடுத்து நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். முழு வானத்தையும் மூட ஏறக்குறைய 4300 தடவை திருப்ப வேண்டும். நண்டு நெபுலாவின் நூறில் ஒரு பங்கு ஒளிர்வுள்ள மூலத்தைக் காண ஒரு திசையில் சுமார் 25 மணி நேரம் பார்க்க வேண்டும். இரண்டையும் பெருக்கினால் ஒரு லட்சத்து ஏழாயிரம் மணி நேரத்துக்கு மேல் வரும். ஆண்டுக்கு 1000 மணி என்றால் ஒரு நூற்றாண்டுக்கும் அதிகம். பார்வைப் புலத்தின் ஓரத்தில் உணர்திறன் குறையும் என்பதையும், ஓர் இடத்திலிருந்து முழு வானமும் தெரியாது என்பதையும் நான் இதில் சேர்க்கவே இல்லை.

பால்வழிக்குள் இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. பால்வழியின் மூலங்கள் ஒரு மெல்லிய பட்டையில் குவிந்திருப்பதால், நமீபியாவிலுள்ள ஹெஸ் தொலைநோக்கிகள் அந்தப் பட்டையைப் பத்தாண்டுக் காலம் வரிசையாக அலசி, 2018-ல் 78 மூலங்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டன. அதில் எந்தப் பகுதி எவ்வளவு ஆழமாகப் பார்க்கப்பட்டது என்ற வரைபடமும் உண்டு. எனவே அந்தப் பட்டியலிலிருந்து விகிதங்களைக் கணக்கிடலாம். கவனமாகத்தான், ஆனால் கணக்கிடலாம். பால்வழிக்கு வெளியே அத்தகைய பட்டை எதுவும் இல்லை. மூலங்கள் எல்லாத் திசைகளிலும் இருக்கின்றன. ஆகவே எங்கே பார்ப்பது என்பதை வேறு யாராவது முன்கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது.

முதல் மூலம் கிடைத்த விதமே இதற்கு நல்ல சான்று. 1991-ல் ஏவப்பட்ட காம்ப்டன் ஆய்வகத்தின் எக்ரெட் கருவி, குறைந்த ஆற்றலில் ஒளிரும் பல பிளேசார்களைக் கண்டுபிடித்தது. பிளேசார் என்பது நடுவில் பெரும் கருந்துளை இருந்து, அதிலிருந்து ஒளிவேகத்துக்கு நெருக்கமாகப் பாயும் தாரை ஏறக்குறைய நம்மை நோக்கியே இருக்கும் விண்மீன் மண்டலம். விப்பிள் குழுவினர் எக்ரெட் காட்டியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தனர். எக்ரெட்டில் பளிச்சென்று தெரிந்த 3சி 279 போன்றவை கிடைக்கவில்லை. எக்ரெட்டில் மங்கலாக இருந்த, ஆனால் நமக்கு அருகிலிருந்த மார்க்காரியன் 421 கிடைத்தது. அது 1992-ல் அறிவிக்கப்பட்டது. தூரம் 40 கோடி ஒளியாண்டுகளுக்கு மேல். இந்தத் துறையில் அதுதான் 'அருகில்'. அந்தப் பெயர்கூட வேறொரு பட்டியலிலிருந்து வந்ததுதான்: ஆர்மீனியாவின் பியுரகான் ஆய்வகத்தில் பெஞ்சமின் மார்க்காரியன், புறஊதா ஒளி மிகுந்த விண்மீன் மண்டலங்களைத் தேடித் தொகுத்த பட்டியலில் 421-ஆம் எண்.

அடுத்து 1996-ல் மார்க்காரியன் 501 வந்தது. இது அதுவரை எக்ரெட் காணாத ஒன்று. தரையிலிருந்தே முதலில் காணப்பட்டது. அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது மார்க்காரியன் 421-ஐப் போலவே எக்ஸ் கதிரில் வலுவாகவும் நமக்கு அருகிலும் இருந்தது. அந்த வெற்றிக்குப் பிறகு எக்ஸ் கதிரில் வலுவான பிளேசார்களைப் பார்ப்பதே வழக்கமாயிற்று. பார்த்தார்கள், கிடைத்தன, மேலும் பார்த்தார்கள். இப்போது பட்டியலில் அந்த வகையே பெரும்பான்மையாக இருப்பதில் என்ன வியப்பு? அந்த வகைப் பிளேசார்கள் உண்மையிலேயே இந்த ஆற்றலில் நன்றாக ஒளிர்பவைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றின் பங்கு எவ்வளவு என்பதை இந்தப் பட்டியல் சொல்லாது.

எதிர்மறையான எடுத்துக்காட்டையும் பாருங்கள். எம் 82, என்ஜிசி 253 ஆகியவை விண்மீன்கள் மிக வேகமாகப் பிறக்கும் மண்டலங்கள். இரண்டும் ஒரு கோடி ஒளியாண்டுகளை ஒட்டிய தூரத்தில், நமது வீட்டு வாசலில் இருப்பவை. எம் 82-ஐக் காண வெரிடாஸ் 137 மணி நேரம் செலவிட்டது. என்ஜிசி 253-க்கு ஹெஸ்ஸும் நூறு மணி நேரத்துக்கு மேல் செலவிட்டது. இரண்டு முடிவுகளும் 2009-ல் வந்தன. ஓர் ஆண்டில் கிடைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ஒரு மங்கலான மூலத்துக்கு! இத்தகைய மண்டலங்கள் பட்டியலில் இரண்டே இருப்பது அவை அரிதானவை என்பதால் அன்று. அவ்வளவு நேரத்தை ஒதுக்கும் துணிவு அடிக்கடி வருவதில்லை என்பதால்தான்.

சில மூலங்கள் வேறொன்றைத் தேடப்போன இடத்தில் தற்செயலாகக் கிடைத்தன. கானரித் தீவுகளின் லா பால்மாவிலுள்ள மேஜிக் தொலைநோக்கிகள் பெர்சியஸ் விண்மீன் மண்டலக் கொத்தை, முக்கியமாக அதன் நடுவிலுள்ள என்ஜிசி 1275-ஐ, பார்த்துக்கொண்டிருந்தன. அதிலிருந்து 0.6 பாகை தள்ளி, ஐசி 310 என்ற மண்டலம் ஒளிர்வது 2010-ல் தெரிந்தது. அதை யாரும் தேடவில்லை. பார்வைப் புலத்துக்குள் விழுந்ததால் கிடைத்தது. பின்னர் 2012 நவம்பரில் அதன் ஒளிர்வு ஐந்து நிமிடத்துக்குள் இரட்டிப்பாகி அனைவரையும் திகைக்க வைத்தது. பெர்சியஸ் கொத்து பார்வைப் புலத்துக்குள் வராமல் போயிருந்தால் இந்த வரி பட்டியலில் இருந்திருக்குமா என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அடுத்தது காலம். விண்மீன்களைப் பட்டியலிடும்போது ஒளிர்வை ஓர் எண்ணாக எழுதலாம். பெரும்பாலானவை நாளை பார்த்தாலும் அதே அளவில் இருக்கும். பிளேசார்கள் அப்படி இல்லை. மார்க்காரியன் 421-க்கு டெவ்கேட்டில் நீங்கள் காணும் ஒளிர்வு, 500 ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் நண்டு நெபுலாவின் 0.3 பங்கு. அது 1992-ல் விப்பிள் கண்ட அளவு. அதே மூலம் 2010 பிப்ரவரியில் நண்டு நெபுலாவைப் போல 20 மடங்குக்கு மேல் ஒளிர்ந்தது. தெற்கு வானத்தின் பிகேஎஸ் 2155-304, 2006 ஜூலை 28 அன்று சராசரியாக நண்டு நெபுலாவின் ஏழு மடங்குக்கு எழும்பி, சுமார் 200 வினாடிகளில் ஒளிர்வை இரட்டிப்பாக்கியது. இந்த மூலங்களுக்கு 'ஒளிர்வு' என்ற ஒரே நெடுவரிசையில் எந்த எண்ணை எழுதுவது? கண்டுபிடித்த இரவின் எண்ணை எழுதுவதுதான் வழக்கம். ஒரு மூலம் திடீர் ஒளிர்வில் இருக்கும்போதுதான் பெரும்பாலும் கண்டுபிடிக்கப்படுகிறது என்பதால், அந்த எண் பல இடங்களில் உண்மையான சராசரியைவிட உயர்ந்தே இருக்கும். பட்டியலின் ஒளிர்வு நெடுவரிசையை எடுத்து வரைபடம் போடுபவர்கள் இதை மறக்கவே கூடாது.

காலமும் வாய்ப்பும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். க்யூஎஸ்ஓ பி0218+357 என்ற குவேசாரின் (மிகப் பிரகாசமான கருவைக் கொண்ட தொலைதூர விண்மீன் மண்டலத்தின்) ஒளி 700 கோடி ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்து நம்மை அடைகிறது. அதன் செம்பெயர்ச்சி, அதாவது அண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளம் கூடியிருக்கும் அளவு, 0.944; தூரம் கூடக் கூட இந்த எண்ணும் கூடும். வழியில் குறுக்கே இருக்கும் ஒரு விண்மீன் மண்டலம் ஈர்ப்பு வில்லையாகச் செயல்பட்டு, அந்த ஒளியை இரண்டு பாதைகளில் பிரித்து அனுப்புகிறது. ஒரு பாதை மற்றதைவிடச் சற்று நீளம். எனவே ஒரே நிகழ்வு நமக்கு இரண்டு முறை, சுமார் 11 நாள் இடைவெளியில் தெரியும். 2014 ஜூலை 13, 14 தேதிகளில் ஃபெர்மி அதில் ஒரு திடீர் ஒளிர்வைக் கண்டது. ஜூலை 12 பௌர்ணமி; நிலவொளியில் மேஜிக் தொலைநோக்கிகளால் அதைப் பார்க்க முடியவில்லை. சாதாரணமாக அத்துடன் கதை முடிந்திருக்கும். இங்கோ, தாமதமாக வரும் இரண்டாவது பிம்பத்துக்காகக் காத்திருந்து, ஜூலை 25, 26 இரவுகளில் தொலைநோக்கியைத் திருப்பினார்கள். நூறு ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டை ஒட்டிய ஆற்றலில் அது தெரிந்தது. இயற்கையே இரண்டாம் வாய்ப்பைக் கொடுத்ததால் ஒரு வரி பட்டியலில் சேர்ந்தது. வில்லை இல்லாத எத்தனை மூலங்களின் திடீர் ஒளிர்வுகள் பௌர்ணமியில் வந்து, யாரும் பார்க்காமலேயே போயிருக்கும்!

தூரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பட்டியலை மிக வலுவாக வடிகட்டுவது இதுதான். விண்மீன்கள் பிறந்த காலந்தொட்டு வெளியிட்ட ஒளியும், தூசி உறிஞ்சி மீண்டும் வெளியிட்ட அகச்சிவப்பும் வெளி முழுவதும் மெல்லிய மூடுபனிபோல் நிறைந்திருக்கின்றன. ஒரு டெரா எலக்ட்ரான்வோல்ட் ஃபோட்டான் இந்த மூடுபனியில் ஓர் அண்மை அகச்சிவப்பு ஃபோட்டானுடன் மோதினால் இரண்டும் மறைந்து எலக்ட்ரான்-பாசிட்ரான் இணையாகிவிடும். ஆற்றல் கூடக் கூட மோதலுக்கு ஏற்ற ஒளி மேலும் அதிகமாகக் கிடைக்கும். ஆகவே தொலைவிலுள்ள மூலத்தின் நிறமாலை உயர் ஆற்றல் பக்கத்தில் வெட்டப்பட்டே நம்மை வந்து சேர்கிறது. ஒரு காலத்தில், சில பத்துக் கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் எதுவும் தெரியாது என்றே பலர் கருதினர். 2006-ல் ஹெஸ் குழுவினர், 0.165, 0.186 செம்பெயர்ச்சிகளிலுள்ள இரண்டு பிளேசார்களின் நிறமாலைகளைக் கொண்டு, மூடுபனி எதிர்பார்த்ததைவிட மெல்லியது என்று காட்டினார்கள். அதே ஆண்டில் மேஜிக் 0.536 செம்பெயர்ச்சியிலுள்ள 3சி 279-ஐக் கண்டது. 1992-ல் விப்பிளுக்குக் கிடைக்காமல் போன அதே மூலம்தான். 2015-ல் 0.94 செம்பெயர்ச்சியிலுள்ள பிகேஎஸ் 1441+25 வந்தது. 2023 டிசம்பரில், லா பால்மாவில் புதிதாகக் கட்டப்பட்ட பெரிய செரென்கோவ் தொலைநோக்கி, 0.997 செம்பெயர்ச்சியிலுள்ள ஓபி 313-ஐக் கண்டது.

இந்த வரிசையைப் பார்த்துவிட்டு எல்லாத் தூரத்திலும் மூலங்கள் கிடைத்துவிட்டன என்று நினைத்துவிட வேண்டாம். கடைசியாகச் சொன்னவையெல்லாம் 100 ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டை ஒட்டிய ஆற்றலில், திடீர் ஒளிர்வின்போது மட்டுமே தெரிந்தவை. பட்டியலில் பக்கத்துப் பக்கத்து வரிகளில் இருந்தாலும், 10 டெரா எலக்ட்ரான்வோல்ட்டைத் தாண்டியும் காணப்பட்ட மார்க்காரியன் 501-உம் ஓபி 313-உம் ஒரே அளவுகோலில் அளக்கப்பட்டவை ஆகமாட்டா. ஒவ்வொரு வரியிலும் பயன்தொடக்க ஆற்றல், அதாவது எந்த ஆற்றலுக்கு மேல் அளந்தார்கள் என்பது, எவ்வளவு என்று பாருங்கள். அந்த எண் இல்லாமல் ஒளிர்வு எண்ணுக்குப் பொருளே இல்லை.

இன்னொரு தொல்லை, பல பிளேசார்களின் தூரமே சரியாகத் தெரியாது என்பது. தாரையின் ஒளி மிகப் பிரகாசமாக இருப்பதால் மண்டலத்தின் நிறமாலை வரிகள் மூழ்கிப்போகின்றன. பிஜி 1553+113 என்ற பிளேசார் 2006-லேயே ஹெஸ், மேஜிக் இரண்டின் கண்ணிலும் பட்டுவிட்டது. செம்பெயர்ச்சி மட்டும் தெரியவில்லை. அதன் ஒளி வரும் வழியிலுள்ள ஹைட்ரஜன் மேகங்கள் விட்ட தடங்களை ஹபிள் தொலைநோக்கியால் ஆராய்ந்து, அது 0.43-க்குக் குறையாது என்று 2010-ல் காட்டினார்கள். பட்டியலில் செம்பெயர்ச்சி நெடுவரிசையில் ஓர் எண் இருந்தால், அது அளக்கப்பட்டதா, கீழ் வரம்பா, ஊகமா என்று மூலக் கட்டுரையைத் திறந்து பார்ப்பது உங்கள் கடமை.

ஒரு மூலம் பட்டியலுக்குள் நுழையும் விதத்தைக் கேட்டிருந்தீர்கள். மூலம் இருக்கும் திசையில் எண்ணிய நிகழ்வுகளை, அதே பார்வைப் புலத்தில் மூலமில்லாத இடங்களில் எண்ணியவற்றோடு ஒப்பிடுகிறார்கள். லீ, மா என்ற இரண்டு சீன அறிஞர்கள் 1983-ல் தந்த சூத்திரம் அந்த மிகுதி தற்செயலாக வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்கிறது. அந்த மிகுதி, தற்செயலான ஏற்ற இறக்கத்தின் வழக்கமான அளவைப் போல (இதைத்தான் சிக்மா என்கிறோம்) ஐந்து மடங்கைத் தாண்டினால் கண்டுபிடிப்பு என்று ஏற்பது மரபு. எத்தனை இடங்களில், எத்தனை கால இடைவெளிகளில் தேடினோம் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகே அந்த ஐந்தைப் பேச வேண்டும்; ஒரே மூலத்தை இருபது விதமாகப் பிரித்துப் பார்த்துவிட்டு அதில் சிறந்ததை மட்டும் எழுதினால் அது நேர்மையான எண் ஆகாது.

டெவ்கேட்டை ஸ்காட் வேக்லியும் டெய்ர்ட்ரே ஹோரனும் தொகுத்து வருகிறார்கள். ஆய்விதழில் வெளியானவை முதன்மைப் பகுதியிலும், அறிவிக்கப்பட்டு இன்னும் கட்டுரையாகாதவை தனிப் பகுதியிலும் இருக்கும். அவர்கள் செய்திருப்பது பெரும் சேவை. ஒவ்வொரு குழுவும் தன் முடிவுகளைத் தனித்தனிக் கட்டுரைகளில் சிதறவிட்டிருந்த காலத்தில், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காண வழி செய்தார்கள். நான் மேலே சொன்ன எச்சரிக்கைகள் எதுவும் அவர்கள் மீதான குறை அன்று. அண்மையில் வேறு சில குழுவினர், பால்வழிக்கு அப்பாலான மூலங்களின் நிறமாலைகளை, ஒவ்வொன்றும் எந்தத் தேதிகளில் எத்தனை மணி நேரம் பார்த்துப் பெறப்பட்டது என்ற விவரத்துடன் கணினி படிக்கும் வடிவில் தொகுத்து வெளியிட்டிருக்கிறார்கள். உங்கள் ஆய்வுக்கு அந்தத் தொகுப்புகளே பொருத்தமானவை.

காமா கதிர் வெடிப்புகளை, அதாவது தொலைதூர மண்டலங்களில் திடீரென்று ஒருமுறை வெடித்து மங்கிவிடுபவற்றை, பட்டியலில் எப்படி வைப்பது என்பதும் எளிதான கேள்வியில்லை. 2019 ஜனவரி 14 அன்று ஒரு வெடிப்பு நிகழ்ந்தபோது, 17 மீட்டர் ஆடிகளைக் கொண்ட மேஜிக் தொலைநோக்கிகள் சுமார் ஒரு நிமிடத்துக்குள் திரும்பி அதைப் பிடித்துவிட்டன. அன்றிரவே உலகுக்கு அறிவித்தார்கள். ஆனால் ஹெஸ் அதற்கு முன்பே, 2018 ஜூலையில், வேறொரு வெடிப்பை அது நிகழ்ந்து பத்து மணி நேரத்துக்குப் பின் கண்டிருந்தது. தரவை முழுமையாக ஆராய்ந்து அறிவித்தது 2019-ல்தான். எது முதல்? நிகழ்ந்த நாளா, அறிவித்த நாளா? பட்டியலில் இரண்டு தேதிகளும் வேண்டும் என்பேன். சில மணி நேரத்தில் மங்கி, மீண்டும் ஒருபோதும் ஒளிராத ஒன்றை, முப்பது ஆண்டுகளாகக் கண்காணிக்கப்படும் மார்க்காரியன் 421-உடன் சேர்த்து 'மூலங்கள்' என்று எண்ணுவது எனக்கு ஒப்புதலில்லை. விகிதம் கணக்கிடும்போது இவற்றைத் தனியே வையுங்கள்.

எங்கே பார்ப்பது என்று யாரும் சொல்லத் தேவையில்லாத கருவிகளும் உண்டு. மெக்சிகோவில் ஹாக், சீனாவின் சிச்சுவானில் 4410 மீட்டர் உயரத்தில் லாசோ ஆகியவை பொழிவின் துகள்களையே தரையில் பிடிக்கின்றன. பகலிரவு, நிலவு, மேகம் எதுவும் அவற்றைத் தடுப்பதில்லை. தலைக்கு மேல் வருவதையெல்லாம் பார்க்கின்றன. 2022 அக்டோபர் 9 அன்று வந்த மிகப் பிரகாசமான வெடிப்பு லாசோவின் பார்வைக்குள் நிகழ்ந்ததால், முதல் 3000 வினாடிகளில் 64,000-க்கும் மேற்பட்ட ஃபோட்டான்களை அது எண்ணிவிட்டது. ஆனால் மங்கலான மூலங்களைக் காணும் திறன் இவற்றுக்குக் குறைவு. ஹாக் குழுவின் 65 மூலங்கள் கொண்ட பட்டியலில் பால்வழிக்கு வெளியே என்று உறுதியாக இருப்பவை இரண்டு மார்க்காரியன்கள் மட்டுமே.

லாசோவின் 90 மூலங்கள் கொண்ட முதல் பட்டியலிலும் பெரும்பாலானவை பால்வழியைச் சேர்ந்தவை. ஆனால் அதில் ஒரு வரி என்னை நிறுத்திவைத்தது. அந்த வரி சுட்டும் இடத்தில் இருப்பது என்ஜிசி 4278: ஐந்து கோடி ஒளியாண்டு தூரத்தில் ஒரு சாதுவான நீள்வட்ட மண்டலம், நடுவில் மங்கலான கரு. எக்ஸ் கதிரில் வலுவான பிளேசார்களின் வரிசையில் அது ஒருபோதும் வந்திருக்காது. 25 மணி நேரம் அதற்கு ஒதுக்க எந்தக் குழுவும் முன்வந்திருக்காது. வானத்தைப் பாகுபாடில்லாமல் பார்த்த ஒரு கருவிக்குத்தான் அது தெரிந்தது. உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை என்னால் தர முடியாது.

ஃபெர்மியும் அதே பாடத்தை வேறு வழியில் சொல்கிறது. 50 ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல், 80 மாதத் தரவிலிருந்து அது தொகுத்த பட்டியலில் 360 மூலங்கள் இருந்தன. தரையிலுள்ள தொலைநோக்கிகள் அதற்குமுன் கண்டிருந்தவை அவற்றில் கால்பங்கு மட்டுமே. ஃபெர்மி முழு வானத்தையும் ஏறக்குறைய சீராகப் பார்ப்பதால் விகிதங்களுக்கு அது நம்பகமானது. ஆனால் சில நூறு ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் அதற்கு ஃபோட்டான்களே கிடைப்பதில்லை.

லா பால்மாவிலும் சிலியிலும் எழுந்துவரும் செரென்கோவ் தொலைநோக்கித் தொகுதியின் திட்டத்தில், வானத்தில் கால்பங்கைச் சுமார் 1000 மணி நேரத்தில், நண்டு நெபுலாவின் 0.6 சதவீத ஒளிர்வு வரை சீராக அலசும் பணி இடம்பெற்றிருக்கிறது. அது நிறைவேறினால்தான் பால்வழிக்கு அப்பாலும் உண்மையான கணக்கெடுப்பு ஒன்று கிடைக்கும். நம் நாட்டுப் பங்கும் இதில் உண்டு. 1969-லேயே ஊட்டியில் டாடா ஆய்வு நிறுவனத்தார் செரென்கோவ் ஒளியைக் கொண்டு, பல்சார்கள் எனப்படும் வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன்களிலிருந்து காமா கதிர்களைத் தேடத் தொடங்கினார்கள். இன்று லடாக்கின் ஹான்லேயில், 4270 மீட்டர் உயரத்தில், 21 மீட்டர் ஆடி கொண்ட மேஸ் தொலைநோக்கி 2024 அக்டோபரில் திறக்கப்பட்டு நிற்கிறது. நமீபியாவிலும் லா பால்மாவிலும் பொழுது சாய்வதற்கு முன்பே ஹான்லேயில் இருட்டிவிடும். சில மணி நேரமே நீடிக்கும் ஒரு திடீர் ஒளிர்வு அந்த இடைவெளியில் வந்தால், அதைப் பார்க்க வேறு பெரிய செரென்கோவ் தொலைநோக்கி கிடையாது. பட்டியலில் வரி சேர்வதும் சேராமல் போவதும் இந்தத் தீர்க்கரேகையில் தங்கியிருக்கக்கூடும்.

எனவே உங்கள் ஆய்வேட்டில் அந்த வாக்கியத்தை இப்படி மாற்றி எழுதலாம்: "எக்ஸ் கதிர், குறைந்த ஆற்றல் காமா கதிர் ஆகியவற்றில் வலுவானவை என்று முன்கூட்டித் தேர்ந்தெடுக்கப்பட்டு, பெரும்பாலும் திடீர் ஒளிர்வின்போது பார்க்கப்பட்டவற்றுள், தரையிலுள்ள தொலைநோக்கிகளால் உறுதி செய்யப்பட்டவை பெரும்பாலும் பிளேசார்களே." அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு அட்டவணையும் தேவை: தொலைநோக்கியைத் திருப்பியும் கிடைக்காதவற்றின் அட்டவணை. ஹெஸ், மேஜிக், வெரிடாஸ் மூன்றும் அத்தகைய மூலங்களுக்கான மேல் வரம்புகளைத் தனிக் கட்டுரைகளாக வெளியிட்டிருக்கின்றன. எத்தனை மணி நேரம், எந்த ஆண்டு, எந்தப் பயன்தொடக்க ஆற்றல் என்று அவற்றில் இருக்கிறது. அவற்றைத் தேடி எடுத்து, உங்கள் நூறு வரிகளுக்குக் கீழே சேர்த்துவிட்டு, பிறகு விகிதத்தைக் கணக்கிடத் தொடங்குங்கள்.